மகளுக்கு போல் வால்ட் சாமான் வாங்கலாமா?

கேட்டவர் சொன்ன விவரம் இது. மகளுக்கு 14 வயது, எடை 46 கிலோ. போல் வால்ட் (கோலூன்றித் தாண்டுதல்) ஆரம்பித்து ஆறு மாதம் ஆகிறது, 2.20 மீட்டர் தாண்டுகிறாள். கோச் இருக்கும் மைதானம் 30 கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் வாரத்துக்கு இரண்டு நாள்தான் போக முடிகிறது. வீட்டுக்குப் பின்னால் காலி நிலம் உண்டு. ஒரு பள்ளியில் கழித்துப்போடும் மெத்தை (4-க்கு 3 மீட்டர், அரை மீட்டர் உயரம்), அதோடு '12 அடி, 140 பவுண்டு' என்று எழுதிய பழைய போல் ஒன்று, இரண்டும் சேர்ந்து மலிவாக வருகின்றன. வாங்கிப்போட்டால் மற்ற நாட்களில் வீட்டிலேயே பழகலாமே, கொடுக்கிற காசுக்குத் தகுமா?

பார்க்க விலைக்கேள்விதான். ஆனால் நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டியது, கோச் பக்கத்தில் இல்லாத நாளில் அவள் எதையெல்லாம் பழகலாம், அதில் எதற்குச் சொந்தச் சாமான் தேவை என்பது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த மெத்தை இலவசமாக வந்தாலும் வேண்டாம். போலை வாங்குவது பற்றி யோசிக்கலாம், ஆனால் அது உங்கள் மகள் தாண்டுவதற்கான போல் இல்லை. செலவழிக்கத் தகுந்த வேறு சில சாமான்கள் இருக்கின்றன, அவை இந்த இரண்டையும்விட மலிவு.

மெத்தை விஷயத்தில் விட்டுக்கொடுக்க இடமே கிடையாது. உலகத் தடகள அமைப்பின் விதிப்படி பெரிய போட்டிகளுக்கு 6 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 80 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். மற்றப் போட்டிகளுக்கு 5-க்கு 5 வரை குறையலாம். இந்த நீளக் கணக்கில் முன்துண்டுகள் சேராது. பாக்ஸின் (ஓடுபாதை முடிவில் போலை ஊன்றும் குழிப்பெட்டி) இரு பக்கமும் அணைத்து நிற்கும் அந்தத் துண்டுகள் தனியாக 2 மீட்டர் நீளம் இருக்க வேண்டும். உங்களுக்கு வரும் மெத்தை மொத்தமே 12 சதுர மீட்டர். குறைந்தபட்ச அளவான 25-இல் பாதிகூட இல்லை, முன்துண்டும் இல்லை. இப்போது தாண்டும் 2.20 மீட்டரிலிருந்து அரை மீட்டர் மெத்தைக்கு விழுந்தாலே முதுகு படும் வேகம் மணிக்கு ஏறக்குறைய 21 கிலோமீட்டர். பழைய நுரை அந்த வேகத்தில் அடிவரை அமுங்கி, உடம்பு கீழே இருக்கும் தரையை உணரும்.

இந்த விளையாட்டில் மோசமான காயங்கள் பெரும்பாலும் மெத்தையின் நடுவில் விழுவதால் வருவதில்லை. பக்கவாட்டில் மெத்தையை விட்டு வெளியே போவது, உடம்பு மெத்தையிலும் தலை தரையிலுமாக விளிம்பில் விழுவது, போல் நிமிராமல் திரும்பிவந்து பாக்ஸிலோ ஓடுபாதையிலோ விழுவது, இந்த மூன்றுதான் ஆபத்து. 2002-இல் அமெரிக்காவில் ஒரு கல்லூரி வீரர் இப்படித் தலை பாக்ஸில் மோதி இறந்தார். அதன் பிறகு அங்கே பள்ளி, கல்லூரி விதிகளில் மெத்தையின் குறைந்தபட்ச அளவைப் பெரிதாக்கினார்கள். பின்னால் பாக்ஸைச் சுற்றி நுரைக் காலர் வைப்பதையும் கட்டாயமாக்கினார்கள். ஆகவே நடுவில் நுரை நன்றாக இருக்கிறதா என்று கையால் அமுக்கிப் பார்த்துத் திருப்திப்படுவதில் அர்த்தமில்லை. அகலமும் முன்துண்டும்தான் உயிர் காப்பவை, சின்ன மெத்தையில் இல்லாதவையும் அவையே.

பள்ளிகளில் அடிக்கடி வரும் ஒரு சபலத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்: 'ஹை ஜம்ப் மெத்தை இருக்கிறதே, அதைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாமே.' கூடாது. ஹை ஜம்ப்புக்குப் பெரிய போட்டியிலேயே 6-க்கு 4 மீட்டர், 70 சென்டிமீட்டர் உயரம் போதும். பாக்ஸுக்கு இடம்விட்டு வெட்டிய முன்பகுதி அதில் கிடையாது. நேராக வைத்தால் பாக்ஸுக்கும் மெத்தைக்கும் நடுவே வெறுந்தரை தெரியும். போல் வால்ட்டில் தவறும் குழந்தை அடிக்கடி விழுவது அந்த இடத்தில்தான்.

சரியான மெத்தை வாங்கினால் வீட்டில் போடலாமா என்றால், போட்டவர்கள் இருக்கிறார்கள். இன்றைய உலக சாதனையாளர் டூப்லாண்டிஸ் லூசியானாவில் சொந்த வீட்டுக் கொல்லையில் பழகித்தான் வளர்ந்தார். ஆனால் அவருடைய அப்பா 5.80 மீட்டர் தாண்டிய வால்ட்டர். கொல்லையில் மெத்தை மட்டும் இருக்கவில்லை, ஒவ்வொரு தாண்டலையும் பார்த்துச் சொல்ல ஆளும் இருந்தது. செலவும் மெத்தையோடு நிற்காது. அமெரிக்கச் சந்தையில் முழு மெத்தைத் தொகுதியே பத்தாயிரம் டாலருக்கு மேல் போகிறது. இந்தியாவில் செய்வது மலிவாகக் கிடைக்கலாம். நுரையின் அடர்த்தியும் மேலுறையும் ஆளுக்கு ஆள் மாறுவதால், எழுத்தில் விலைப்புள்ளி வாங்காமல் தொகை சொல்வது வெறும் ஊகம். வாங்கிய பிறகு மண்ணில் வைக்க முடியாது. தண்ணீர் வடியும் சிமென்ட் தளம், அதன்மேல் காற்றோடும் மரச்சட்டம் அல்லது இரும்புச்சட்டம், துண்டுகளை ஒன்றாகப் பிடித்து நடு இடைவெளியை மூடும் மேல்விரிப்பு, மழைக்கு மூடி, எல்லாம் வேண்டும். மரச்சட்டத்தைக் கரையான் பார்த்துக்கொள்ளும், நுரைக்குள் எலி குடும்பம் நடத்தும். ஐப்பசி மழையில் ஒருமுறை ஊறிய நுரை மேலே காய்ந்தாலும் உள்ளே காயாது. கனம் ஏறும், நாற்றம் வரும், அடுத்த கோடையில் பொடிப்பொடியாக உதிரும். பழைய மெத்தை எதைப் பார்க்கப் போனாலும் ஓரத் துண்டைத் தூக்கிப் பாருங்கள். பக்கத்துத் துண்டைவிடக் கனமாக இருந்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது. பிறகு ஒற்றைக் குதிகாலில் முழு எடையையும் போட்டு மெத்தைமேல் பல இடங்களில் நில்லுங்கள். குதிகாலுக்கு எங்காவது தளம் தட்டுப்பட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

பாக்ஸும், தாண்டும் குறுக்குக் கம்பியான பாரைத் தாங்கும் ஸ்டாண்டும் உள்ளூரில் செய்யக்கூடியவை. பள்ளி நிர்வாகம் சேர்ந்து ஒரு மைதானம் அமைக்க முன்வந்தால் இந்த அளவுகள் உதவும். பாக்ஸின் உள்அடி 1 மீட்டர் நீளம். முன்வாய் 60 சென்டிமீட்டர் அகலம், பின்தட்டின் அடியில் 15-ஆகச் சுருங்கும். அங்கே ஆழம் 20 சென்டிமீட்டர். அடித்தட்டுக்கும் பின்தட்டுக்கும் இடையே 105 டிகிரி, பக்கத் தகடுகள் வெளிப்பக்கம் சாய்ந்து ஏறக்குறைய 120 டிகிரி. வெல்டர் கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று பின்தட்டைச் செங்குத்தாக நிறுத்திவிடுவார். அப்படிச் செய்தால் போல் வளையும்போது அதன் அடிப்பகுதி தகட்டில் இடித்து, அந்த இடத்திலேயே ஒருநாள் முறியும். வாயின் விளிம்பு ஓடுபாதை மட்டத்துக்குத் துளியும் மேலே நிற்கக் கூடாது. அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை போடச் சொல்லுங்கள், இதை எல்லோரும் மறக்கிறார்கள். ஸ்டாண்டில் பார் நிற்கும் முளை 13 மில்லிமீட்டர் தடிமனுக்கும் 55 மில்லிமீட்டர் நீளத்துக்கும் மேல் போகக் கூடாது. நீளமாக விட்டால் பார் தட்டியதும் விழாமல் உடம்போடு மாட்டிக்கொள்ளும். ஸ்டாண்டைப் பாக்ஸின் பின்கோட்டிலிருந்து 80 சென்டிமீட்டர் வரை பின்னே தள்ளலாம். ஆரம்பக்காரர்களுக்கு 80-க்குப் பக்கத்திலேயே வைப்பது நல்லது. பார் முன்னால் இருந்தால் குழந்தை அதைத் தேடி மேலே போய் நேரே கீழே, பாக்ஸுக்கே வரும்.

இனி போல். அதன்மேல் எழுதியிருப்பது இரண்டு எண்: நீளம், எடை. 140 பவுண்டு என்றால் 63.5 கிலோ வரை உள்ளவருக்கு என்று பொருள். தாண்டுபவரின் எடை அந்த எண்ணுக்குச் சமமாகவோ குறைவாகவோ இருக்க வேண்டும், எடை கூடியவர் மெல்லிய (எளிதில் வளையும்) போலைத் தொடக் கூடாது என்பது முதல் பாதுகாப்பு விதி. அதைப் படித்துவிட்டு, 'என் மகள் 46 கிலோதான், 140 இன்னும் பத்திரம்' என்று நினைத்துவிடாதீர்கள். போல் எவ்வளவு விறைப்பாக நடந்துகொள்ளும் என்பது பிடிக்கும் உயரத்தையும் பொறுத்தது. பிடியை 15 சென்டிமீட்டர் கீழே இறக்கினால் போல் சுமார் 10 பவுண்டு விறைப்பானதற்குச் சமம் என்பது கோச்சுகள் வைத்திருக்கும் உத்தேசக் கணக்கு. 2.20 தாண்டும் பெண் 2.90 மீட்டர் பக்கத்தில் பிடிப்பாள். 12 அடி போல் 3.66 மீட்டர். பிடி 75 சென்டிமீட்டர் கீழே வருகிறது, அதாவது ஐந்து படி. 140 பவுண்டு போல் அவள் கையில் 190 பவுண்டாகிவிடும். அது துளியும் வளையாது. அவள் வேகத்துக்குப் பாதி வழி எழுந்து நின்று, அவளை ஓடுபாதைக்கே திருப்பி அனுப்பும்.

போல் பொருந்துகிறதா என்பதை எங்கே விழுகிறாள் என்பதே காட்டிவிடும். மெத்தையின் நடுவில் விழுந்தால் சரி. பாக்ஸுக்குப் பக்கத்தில், முன்துண்டுகள் மேல் விழுந்தாலோ, போல் செங்குத்தாக வருவதற்கு முன்பே நின்றுபோனாலோ, போல் அளவுக்கு மீறி விறைப்பாக இருக்கிறது, அல்லது பிடி அளவுக்கு மீறி உயரத்தில் இருக்கிறது. உடனே பிடியை இறக்க வேண்டும், அதற்கும் அடங்காவிட்டால் மெல்லிய போலுக்கு மாற வேண்டும். மெத்தையின் பின்பகுதிக்குப் பறந்து, பாருக்கு மேலே உயரமே கிடைக்காமல் தட்டையாகப் போனால் போல் மெல்லியது. அப்போது அடுத்த எடைக்கு ஏற வேண்டும். அடுத்த எடை என்பது 5 பவுண்டு. இங்கேதான் பணக்கணக்கு உதைக்கிறது. இன்று அவளுக்கு ஏற்றது பெரும்பாலும் 3.05 அல்லது 3.20 மீட்டரில் 105, 110 பவுண்டு வகை. ஆறு மாதத்தில் வேகம் கூடினால் 115. அடுத்த வருடம் எடை நான்கு கிலோ ஏறினாலே 105 அவளுக்கு விதிப்படி ஆகாது. பிடி உயர்ந்தால் 3.35, பிறகு 3.50, அதிலும் படிப்படியாக. 2.20-இலிருந்து 3 மீட்டர் போய்ச் சேருவதற்குள் ஐந்தாறு போல்கள் கை மாறும். ஒரே ஒரு போல் வாங்கி வீட்டில் வைத்தால் அது சில மாதத்துக்குத்தான் சரியாக இருக்கும், அதற்குப் பிறகும் அதிலேயே தாண்ட வேண்டும் என்ற ஆசை வரும். அந்த ஆசைதான் காயத்தைக் கொண்டுவருவது.

அதனால் போலுக்குச் செலவழிக்க விரும்பினால் முதலில் கோச்சிடம் கேளுங்கள்: 'இப்போது எந்தப் போலில் தாண்டுகிறாள், அடுத்த இரண்டு எவை, அவற்றில் உங்களிடம் எது இல்லை?' இல்லாத அந்த ஒன்றை வாங்கி மைதானத்திலேயே வைத்துவிடுங்கள். உங்கள் மகள் கடந்துபோனதும் அடுத்த பெண் எடுத்துக்கொள்வாள், மற்றவர் வாங்கிய போல் உங்கள் மகளுக்குக் கிடைக்கும். பயிற்சிக் குழுக்கள் ஒரு வரிசையைப் பொதுவில் வைத்துப் பகிர்ந்துகொள்வது இதனால்தான். புதுப் போல் வெளிநாட்டு விலையில் சில நூறு டாலர். நாலு மீட்டர் குழாய்ப் பெட்டிக்கு வரும் சரக்குக்கூலி பல சமயம் போலின் விலையோடு போட்டிபோடும். ஆகவே மூன்று நான்கு பெற்றோர் சேர்ந்து ஒரே குழாயில் வரவழைப்பது புத்திசாலித்தனம்.

பழைய போலைச் சோதிப்பது தனிக்கலை இல்லை, பொறுமை வேண்டும், அவ்வளவே. வெயிலில் பிடித்து மெல்லச் சுழற்றிக்கொண்டே முழு நீளத்தையும் பாருங்கள். பழைய பருத்தித் துணியை நுனியிலிருந்து அடிவரை இழுங்கள். நூல் மாட்டும் இடத்தில் கண்ணாடி இழை எழும்பியிருக்கிறது. நகத்துக்குத் தட்டுப்படும் கீறல், ஸ்பைக் (ஓட்டக் காலணியின் ஆணி) பட்ட குழி, அதைச் சுற்றி வெள்ளையாகப் பூத்த பிறைக்கோடு, இவற்றில் எது இருந்தாலும் தாண்டுவதற்கு எடுக்கக் கூடாது. ஒட்டுப்போடுவதோ பிசின் பூசுவதோ உதவாது. போல்கள் முறிவது பெரும்பாலும் தாண்டும் அன்றைக்கு ஆரம்பிப்பதில்லை. எப்போதோ பாக்ஸ் விளிம்பில் இடித்ததும், தரையில் கிடந்ததை யாரோ ஸ்பைக்கோடு மிதித்ததும் காரணம். அடியிலுள்ள ரப்பர் மூடி தேய்ந்திருந்தால் மூடியை மாற்றிக்கொள்ளலாம். மூடியைத் தாண்டி நாரே தேய்ந்திருந்தால் கதை முடிந்தது. லேசான இயல்பு வளைவு குறை இல்லை. பல போல்கள் அப்படித்தான் வரும், அந்தப் பக்கமாகவே வளைய வேண்டும். நீளத்தை யாராவது அறுத்திருந்தால் எழுதியிருக்கும் எடைக்கு மதிப்பே இல்லை. சிலவற்றில் ஃபிளெக்ஸ் எண் இருக்கும். 22.7 கிலோ எடையை நடுவில் தொங்கவிட்டால் எத்தனை சென்டிமீட்டர் தாழ்கிறது என்ற அளவு அது. எண் குறைந்தால் விறைப்பு கூடுதல். ஒரே கம்பெனியின் ஒரே நீளப் போல்களுக்குள் ஒப்பிட இது அருமையான எண். ஸ்பிரிட், பேசர் என்று வெவ்வேறு கம்பெனிப் போல்களின் எண்களைப் பக்கத்தில் வைத்து முடிவெடுக்கக் கூடாது.

இப்போது வீட்டில் வைக்கக்கூடியவற்றுக்கு வருவோம். இந்த விளையாட்டில் தரையைவிட்டு எழும்புவதற்கு முன்னால் நடக்கும் வேலைதான் பாதிக்கு மேல். போலைச் சுமந்து ஓடுவது, நுனியைச் சரியான காலடியில் இறக்குவது, கைகளை நேராக மேலே நிமிர்த்துவது. இதற்கு ஒரு ஸ்லைடிங் பாக்ஸ் வாங்கலாம். ஓடிவந்து போலை ஊன்றும்போது தரையில் வழுக்கிக்கொண்டு முன்னால் போகும் சிறு பெட்டி அது, உடம்பு மேலே எழாது. நுனியை ஒரு பழைய துண்டின்மேல் வைத்துப் புல்தரையில் தள்ளிக்கொண்டு ஓடினாலும் பாதிப் பலன் வந்துவிடும். ஊஞ்சல் அசைவுக்கு நல்ல கனமான கயிறு ஒன்றும் ஒற்றைக் கம்பி ஒன்றும் போதும். கயிற்றில் தொங்கி, காலை நீட்டியே வீசி, இடுப்பைத் தலைக்கு மேலே கொண்டுவருவது. கம்பியில் தொங்கிக் கணுக்காலைக் கம்பிக்குக் கொண்டுபோவது. அவள் எடையைப்போல் நான்கு மடங்கு தாங்குமா என்று பெரியவர் மூவர் தொங்கிப் பார்த்த பிறகு அவளை ஏற்றுங்கள், கீழே ஆற்று மணல் கொட்டிவையுங்கள். மைதானத்துக்கு ஒரு எலாஸ்டிக் கயிறு வாங்கிக்கொடுத்தால் பயிற்சியில் பாருக்குப் பதில் அதைக் கட்டலாம். தட்டினால் வலிக்காது, ஒவ்வொரு முறையும் எடுத்துவைக்க வேண்டியதில்லை, பயமும் குறையும். விலைக்கும் பயனுக்கும் இதற்கு இணையான சாமான் இந்த விளையாட்டில் வேறு இல்லை. கைப்பிடி டேப்பும், கை வழுக்காமல் இருக்கப் பூசும் சாக் பொடியும் அவளுக்கென்று தனியாக இருக்கட்டும்.

லாங் ஜம்ப் மணல்குழியில் தாண்டலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வளையாத போலை, நின்ற நிலையில் கையெட்டும் உயரத்துக்குச் சற்று மேலே மட்டும் பிடித்து, ஆறு காலடி ஓட்டத்தில் ஊன்றி, மணலில் இரண்டு காலில் இறங்குவது நல்ல பழைய பயிற்சி, பத்திரமானதும்கூட. 1942-இல் அமெரிக்க வீரர் வார்மர்டாம் மூங்கிலோடு 4.77 மீட்டர் தாண்டியது நுரை மெத்தை இல்லாத காலத்தில்தான், ஆனால் அவர் காலகட்டத்து நுட்பமே காலில் இறங்குவதை நம்பியிருந்தது. உங்கள் மகள் கற்றுக்கொள்வது தலைகீழாகப் போய் முதுகில் விழும் முறை. அதை மணலில் ஒருமுறைகூட முயலக் கூடாது. குழியில் பிடி ஏறத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள். பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

உறுதியாகச் சொல்ல முடியாதவையும் உண்டு. ஹெல்மெட் அவற்றில் ஒன்று. போல் வால்ட்டுக்கென்றே ஏ.எஸ்.டி.எம். எஃப் 2400 என்ற தரம் இருக்கிறது. ஆனால் அது கழுத்துக் காயத்தைத் தடுக்குமா என்பதில் நிபுணர்களிடையே ஒத்த கருத்து இல்லை. போட்டால் தவறில்லை, போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் மெத்தையில் சமரசம் செய்தால் தவறு. சைக்கிள் ஹெல்மெட் இதற்கானது இல்லை. கார்பன் கலந்த போல் இந்தக் கட்டத்தில் லாபமா என்றால், எடை குறைவு, சுமந்து ஓடச் சுலபம், அவ்வளவு உறுதி. 2.20 மீட்டரில் அது உயரமாக மாறுமா என்பது சந்தேகம். இடுப்பில் எடைகட்டி ஓடுவது, கனத்த குழாயைச் சுமப்பது மாதிரி விற்கப்படும் துணைச்சாமான்களால் 14 வயதில் என்ன பலன் என்பதற்கு நம்பத்தகுந்த விடை கிடையாது. நான் என்றால் அந்தக் காசைப் பேருந்துக்கும் பெட்ரோலுக்கும் போடுவேன்.

ஏனென்றால் மிச்சமாகும் தொகைக்கு நல்ல உபயோகம் மூன்றாவது நாள் பயிற்சிதான். வாரம் இரண்டு நாளை மூன்றாக்கினால் வருகிற முன்னேற்றத்தைக் கொல்லையில் எதை இறக்கினாலும் பெற முடியாது. 2022 தேசிய விளையாட்டுப் போட்டியில் ஆண்கள் சாதனையை 5.31-க்குக் கொண்டுபோன சிவாவும், அதே போட்டியில் பெண்கள் சாதனையை 4.20-ஆக்கிய ரோசி மீனாவும் தமிழ்நாட்டுக்காரர்கள். இந்த விளையாட்டு தெரிந்த கோச்சுகள் மாநிலத்தில் இருக்கிறார்கள் என்பதற்கு அது போதுமான ஆதாரம். விடுமுறையில் பத்து நாள் அப்படி ஒரு குழுவோடு பழக அனுப்ப முடியுமா என்று உங்கள் கோச்சிடமே கேட்டுப் பாருங்கள். வளரும் வயதில் ஒரு வருடத்தில் ஆர்வம் ஓட்டப்பந்தயத்துக்கோ லாங் ஜம்ப்புக்கோ திரும்புவதும் சகஜம், அதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அந்த நிலையில் கயிறும் கம்பியும் வீணாகாது, மெத்தை வீணாகும்.

அந்த 12 அடி போலுக்கு மட்டும் ஒரு வழி இருக்கிறது. துணிச் சோதனையில் தேறினால், மெத்தையைச் சேர்க்காமல் தனியாக விலை பேசி, கோச்சின் மைதானத்துக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். 55, 60 கிலோ எடையில் மூன்று மீட்டர் தாண்டும் பையன் யாராவது அங்கே நிச்சயம் அதற்குக் காத்திருப்பான். பதிலுக்கு உங்கள் மகளுக்கு ஏற்ற 110-ஐக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கொண்டுபோகும்போது காரின் மேல் வெறுமனே கட்டாமல், நாலங்குல பிவிசி குழாய்க்குள் விட்டு மூன்று இடத்தில் கட்டுங்கள். முன்னும் பின்னும் மட்டும் கட்டினால் நடுவில் அதிர்ந்து அதிர்ந்து கேரியர் கம்பியில் உரசும், 30 கிலோமீட்டர் முடிவதற்குள் நகத்துக்குத் தட்டுப்படும் கீறல் ஒன்று விழுந்திருக்கும்.